ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

மயிலாப்பூர்
9 ஜூன் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

வர்ஷினி நமஸ்காரம். இங்கே நான், கிரீஷ், பிரணவ் மூணு பேரும் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம்தான், படியேறும்போது மட்டும் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்தறதாம். உங்க காது எப்படி இருக்கு? மெஷினைப் போட்டுக்கறேளா, இல்லை அது இன்னும் மேஜை டிராயர்ல ஓய்வெடுக்கறதா? ஃபோன்ல பேசினா "ஆங், ஆங்"னு சொல்லிட்டு பொண்ணு லக்ஷ்மிகிட்ட குடுத்துடறேள். நமக்கு லெட்டர்தான் சரி. பதில் போட இவ்வளவு நாளாச்சு, மன்னிக்கணும். ஒரு வயசுக் குழந்தையை வச்சுண்டு பேனாவைத் தேடி எடுக்கறதே பெரிய காரியம்.

உங்க இங்கிலீஷ் பாட்டு கோஷ்டி மில்பாண்ட்ஸோட புதுத் தொகுப்பு வந்திருக்கே, அதைப் பத்தி உலகம் என்ன சொல்றதுன்னு கேட்டிருந்தேள். இன்டர்நெட்ல எட்டிப் பார்த்தேன். வழக்கம்போல நம்ம தமிழ்ல மாத்தி எழுதறேன்.

இங்கிலாந்துல ஹல் ஊர்க்காரர் ஒருத்தர்: "எங்க ஊர்ப் பையன்கள் நாலு பேர் அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கொட்டகையில பாடினது. அதுக்கு இப்ப எதுக்கு வெள்ளையடிக்கணும்? ஒரு நட்சத்திரம்."

ஒரு அம்மாள்: "கார்ல கேட்க ரொம்ப நன்னா இருக்கு. கார் ரிப்பேர். அதனால மூணு நட்சத்திரம்."

இன்னொருத்தர் உங்க ஜாதி: "தொகுப்பு வாங்கறவன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில மட்டும் உட்கார்ந்துட்டுப் போறவன்."

நீங்க சிரிக்கறது தெரியறது. ஆனா மாமா, நம்மாத்துல நானும் கிரீஷும் கேட்டு வளர்ந்த அந்த கேசட்டும் தொகுப்புதானே? அதை மட்டும் ஏன் யாரும் திட்டறதில்லை?

பிரணவ் நடக்கறான். ரொம்ப சமத்து. பங்குனி உத்சவத்தப்போ மாட வீதியில தவில்காரா நம்ம வாசல்லயே நின்னு பிளந்து கட்டினா, பக்கத்து ஃப்ளாட் குழந்தையெல்லாம் வீல்னு அலறித்து. இவன் என் தோள்ல தூங்கிண்டிருந்தான். எல்லாரும் கண்ணு படப் போறதுன்னா.

இன்னும் பேச்சு வரலை. கிரீஷும் லேட்டாதான் பேசினானா மாமா?

உடம்பைப் பாத்துக்கோங்கோ.
உங்கள்
வர்ஷினி


நாக்பூர்
21 ஜூன் 2023

சௌபாக்கியவதி வர்ஷுவுக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். வெயிலும் நலமாகத்தான் இருக்கிறது, நாங்கள்தான் வாடுகிறோம். ஜானுவை முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளச் சொல். என் தங்கை யார் சொல்லியும் கேட்டதில்லை, நீ சொன்னால் ஒருவேளை.

அந்தப் பந்திக்காரன் நல்லவன். அவனுக்கு என் நமஸ்காரம். ஓர் ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்க வேண்டும். ஏணி ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன, அட்டையில் ஏணி போட்டது சும்மா இல்லை. குடை ஆல்பம் அவர்களுடைய முதல் முயற்சி. ஒரு குரல், ஒரு டிரம், நடுநடுவே யாரோ கிடாரைத் தடவுகிறார்கள். பிள்ளைகள் பாத்திரம் உருட்டுவது போல இருக்கும். அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நம் கேசட் வேறு சமாசாரம். 1981-ல் பாண்டி பஜாரில் மாடிப்படி ஏறி, கரீமுல்லா பாயிடம் ஏணி ஆல்பத்தை வரிசையாகப் பதிந்து தரச் சொன்னேன். அவர் குடையிலிருந்து நாலு, ஏணியிலிருந்து ஆறு என்று தன் இஷ்டத்துக்குப் போட்டுக் கொடுத்தார். ஏ பக்கத்தின் கடைசியில் கப்பல் பாட்டு, அதுவும் வரிக்கு நடுவில் நறுக்கென்று நின்றுவிட்டது. "பாய், பாட்டு பாதியில நிக்கறதே" என்றேன். "டேப்பு அறுபது நிமிசம்தான் சார். வெள்ளக்காரன் நிறுத்தாம பாடிக்கினே போனா நான் இன்னா செய்ய?" என்றார்.

நீயும் கிரீஷும் அந்த இடம் வந்தால் பீரோவில் இரண்டு தட்டு தட்டிப் பாட்டை முடித்து வைப்பீர்கள். முழுப்பாட்டை நான் பின்னால் வாங்கிப் போட்டபோது, "இது தப்பு, தட்டற இடமே வரலை" என்று அழுதவள் நீ.

நம்மாத்துப் பிள்ளைகள் பேச்சில் கொஞ்சம் மந்தம்தான். கவலை வேண்டாம். ரயில் பாட்டைப் போட்டுக் காட்டு, கிரீஷ் அதற்குத்தான் முதலில் ஆடினான். பிரணவ் என்ன செய்கிறான் என்று எழுது.

இப்படிக்கு ஆசிகளுடன்
அனந்தராமன்


மயிலாப்பூர்
11 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம்னு எழுத ஆரம்பிச்சு அடிச்சுட்டேன். உங்க உடம்பு எப்படி இருக்கு?

முதல்ல கருத்துக்கள். லிவர்பூல் பெரியவர் ஒருத்தர் ஏணி ஆல்பத்துக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்து, "என் மனைவி போன பிறகு இதை மட்டும்தான் கேட்கிறேன்; மற்றதெல்லாம் அவளுக்குப் பிடிச்சது" அப்படின்னு எழுதியிருக்கார். இன்னொருத்தன் புதுத் தொகுப்புல டிரம் ரொம்ப முன்னாடி வந்துடுத்துன்னு குறைப்படறான்.

நீங்க சொன்னபடி ரயில் பாட்டைப் போட்டேன் மாமா. ஃபோன்லதான். பிரணவ் எதிர்ல உட்கார்ந்து என் வாயைப் பார்த்தான். நான் சிரிச்சா சிரிச்சான். அடுப்படிக்குப் போய் நின்னு கூப்பிட்டேன். திரும்பலை. ஏதோ விளையாட்டு மும்முரம்னு நினைச்சேன். அப்புறம் அவன் முதுகுக்குப் பின்னாடி எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். நான்தான் பதறினேன். கீழ் ஃப்ளாட் மாமி மேலே வந்து என்னாச்சுன்னு கேட்டா. அவன் பொம்மையோட சக்கரத்தைச் சுத்திண்டிருந்தான்.

உடனே கிரீஷ்கிட்ட சொல்லலை. மறுநாளும் போட்டுப் பார்த்தேன். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல். நாள் பூரா அவனுக்குப் பின்னாடி போய்ப் போய் சத்தம் பண்ணிண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

ஆஸ்பத்திரியில தூங்க மருந்து குடுத்து, பெரான்னு காதுக்கு ஒரு டெஸ்ட் எடுத்தா. கம்ப்யூட்டர்ல அலை அலையா வரணுமாம். கோடுதான் வந்தது. ரெண்டு காதுலயும் ஏறக்குறைய ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர், நிதானமாச் சொன்னார். எனக்கு அந்த நிதானம்தான் தாங்கலை.

அப்புறம் கேட்டார், "சொந்தத்துல கல்யாணமா?" கிரீஷ் ஜன்னலைப் பார்த்தான். "மாமா பையன்"னு நான்தான் சொன்னேன். "குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டா? உங்க அம்மா வழியில, மாமா வழியில?" வயசான பிறகு மந்தமாறது கணக்கில்லையாம், பிறவியிலயே. எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்னேன்.

மாமா, நம்மாத்துல யாருக்காவது உண்டா? அவர் குறிச்சு வச்சுக்கணும்கறார், அவ்வளவுதான்.

பதில் போடுங்கோ.
வர்ஷினி


நாக்பூர்
2 செப்டம்பர் 2023

சௌபாக்கியவதி வர்ஷுவுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. லக்ஷ்மி படித்துவிட்டு அழுதாள். குழந்தைக்கு ஒன்றும் வராது. இந்தக் காலத்தில் இல்லாத வைத்தியமா? பெரிய டாக்டர் யாரிடமாவது இன்னொரு முறை காட்டுங்கள். இயந்திரம் தப்பாகக் காட்டுவதும் உண்டு.

லிவர்பூல் பெரியவர் எழுதியதை ரொம்ப நேரம் யோசித்தேன். அவர் சொல்வது சரி. ஏணி ஆல்பம் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கானது. குடை ஆல்பம் கும்பலுக்கு. பாலம் ஆல்பத்தில் அவர்கள் வயலின்களைக் கொண்டுவந்து கொட்டியதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை, பாயசத்தில் பெருங்காயம். ஆனால் இரண்டாம் பக்கம் ஆரம்பத்தில் மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகிற இடம் இருக்கிறதே, அதற்காகப் பெருங்காயத்தையும் விழுங்கலாம். கீழ்க்குரல் பாடுகிறவன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். புதுத் தொகுப்பில் அந்த மூச்சைத் துடைத்துவிட்டார்களா என்று கேட்டு எழுது. துடைத்திருந்தால் அவர்களுக்கு மோட்சம் கிடையாது.

டிரம் முன்னால் வந்துவிட்டது என்கிறவன் கேட்கத் தெரியாதவன்.

டாக்டர்கள் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பிரணவுக்கு விபூதி அனுப்பியிருக்கிறேன். ஜானுவைக் கேட்டதாகச் சொல்.

ஆசிகளுடன்
அனந்தராமன்


மயிலாப்பூர்
19 அக்டோபர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். உங்களுக்கும் லக்ஷ்மிக்கும் சௌக்கியமா? நவராத்திரிக்கு இந்த வருஷம் மூணு படி வச்சதோட சரி. பதில் ரொம்பத் தாமதம். எழுத உட்கார்ந்தா கோபமா வந்தது, அதனால எழுதலை.

இன்னொரு டாக்டர் பார்த்தாச்சு. அதே கோடு.

இப்போ ரெண்டு காதுக்கும் மெஷின் போட்டிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி சில மாசம் போட்டுப் பார்க்கணுமாம். அவன் கழட்டிக் கழட்டி எறியறான். ஒண்ணு சாம்பார்ல விழுந்து கிரீஷ் ஹேர் டிரையரை வச்சு உலர்த்தினான். உங்க பேரன்தான், சந்தேகமே இல்லை.

வாரத்துல மூணு நாள் அசோக் நகருக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிண்டு போறேன். ரூபீனான்னு ஒரு பொண்ணு, என்னைவிடச் சின்னவளா இருப்பா. "அக்கா, வாய மூடவே கூடாது நீங்க. தோசை சுட்டா தோசைன்னு சொல்லுங்க, துணி மடிச்சா துணின்னு சொல்லுங்க, அவனுக்குக் கேக்குதா கேக்கலயான்னு நீங்க யோசிக்காதீங்க" என்கிறா. நானும் பேசிண்டே இருக்கேன். "இதோ பாரு வெண்டைக்காய், அம்மா வெண்டைக்காய் நறுக்கறா." ஆட்டோவுல பேசிண்டே வரேன், டிரைவர் கண்ணாடியில பார்க்கறார். அடியே இல்லாத கிணத்துல கல்லைப் போடற மாதிரி இருக்கு மாமா. சத்தம்கூட வரமாட்டேங்கறது.

நாங்க இப்போ பாட்டு போடறதில்லை. ஒருநாள் கிரீஷ் தெரியாத்தனமா போட்டுட்டு அவனே அணைச்சுட்டான்.

டாக்டர் கேட்டதை நான் உங்ககிட்ட கேட்டிருந்தேன். நீங்க பாலம் ஆல்பத்தைப் பத்தி எழுதினேள். அம்மாவைக் கேட்டா, "பழசைக் கிளறாதே, எங்கண்ணாவுக்குத்தான் எல்லாம் தெரியும்"கறா. கிரீஷ், "அப்பாவை விடு, பாவம்"கறான். எல்லாரும் பாவம்தான். ஆனா அடுத்த மாசம் டாக்டர் மறுபடி கேட்பார், நான் மறுபடி தெரியலைன்னு சொல்லணும். ஒரு தாய்க்கு எவ்வளவுதான் தெரியாம இருக்கலாம்?

கீழ்க்குரல்காரன் மூச்சு புதுத் தொகுப்புல இருக்கான்னு நான் பார்க்கலை. கருத்து ஒண்ணும் இந்தத் தடவை அனுப்பலை.

வர்ஷினி


மயிலாப்பூர்
20 டிசம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். உங்ககிட்டேருந்து லெட்டரே இல்லை. லக்ஷ்மியைக் கேட்டா, "அப்பா நன்னா இருக்கார், சாப்பிடறார், மேஜையில பேப்பரை வச்சுண்டு உட்கார்ந்திருக்கார்"னா. அதனால உடம்பு சௌக்கியம்னு வச்சுக்கறேன்.

இங்கே புயல் மழை உங்களுக்கு டி.வி.யில தெரிஞ்சிருக்கும். எங்க தெருவுல முழங்கால் தண்ணி, கரன்ட் இல்லை. அம்மா அவ ஃப்ளாட்லேருந்து இங்கே வந்துட்டா. லைட் இல்லை, ஃபேன் இல்லை, டி.வி. இல்லை. ஆத்துல சத்தமே இல்லாம இருந்தது. பிரணவ் மட்டும் எப்பவும் போல இருந்தான். அவனுக்கு எதுவும் மாறலையே.

ஓடாத டி.வி. மேல ரெண்டு உள்ளங்கையையும் வச்சுண்டு நின்னான். அது ஓடறப்போ அப்படித்தான் நிப்பான். உள்ளே அதிர்றது அவனுக்குத் தெரியும். ஏன் இன்னிக்கு அதிரலைன்னு பார்த்தான் போல.

அதைப் பார்த்துட்டு அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. "வைத்தா மாதிரியே, வைத்தா மாதிரியே"ன்னா. யாரு வைத்தான்னு கேட்டேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவுல ஒருத்தர் இருந்தார்னு எனக்கு முப்பது வயசுல தெரியறது மாமா. மர ரேடியோ மேல கன்னத்தை வச்சுண்டு உட்கார்ந்திருப்பாராம். ரொம்ப சமத்துன்னு எல்லாரும் சொல்வாளாம். அம்மாவுக்கு வரன் பார்க்கும்போது யாரும் கேட்டுடக் கூடாதுன்னு, அவர் போன பிறகு படத்தைக்கூட எடுத்துட்டாளாம். அம்மாவுக்கு அவ்வளவுதான் ஞாபகம்.

நான் உங்களை ஒண்ணும் கேட்கப் போறதில்லை. யோசிச்சுப் பார்த்தேன். நீங்க அப்பவே சொல்லியிருந்தாலும் நான் கிரீஷைத்தான் பண்ணிண்டிருப்பேன். அந்த பீரோவுல ரெண்டு பேரும் சேர்ந்து தட்டினப்பவே அது முடிஞ்சுபோச்சு. அதனால யார் மேலயும் கோபப்பட வழியில்லாம இருக்கு. கோபப்படவாவது ஒரு ஆள் இருந்தா தேவலை.

ஜனவரி கடைசியில ஆபரேஷன். காக்ளியர். காதுக்குப் பின்னாடி எலும்பைக் குடைஞ்சு உள்ளே ஒரு சின்னக் கருவியை வைப்பாளாம். அவன் தலை இன்னும் என் உள்ளங்கையில அடங்கறது மாமா.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கோ.
வர்ஷினி


நாக்பூர்
2 ஜனவரி 2024

சௌ. வர்ஷினிக்கு ஆசீர்வாதம்.

டாக்டரிடம் கொடுக்கவும். பெயர் வைத்தியநாதன். எனக்கு நேர் இளையவன். பிறவியிலிருந்து காது கேட்காது, பேச்சு வரவில்லை. மற்றபடி ஆரோக்கியம். ஒன்பதாவது வயதில் விஷ ஜுரம். வேறு யாரும் இல்லை.

அனந்தராமன்


மயிலாப்பூர்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். உங்க கார்டை டாக்டர் ஃபைல்ல சேர்த்துட்டார். "ம்"னு மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. ரெண்டு நாள் தலையில பெரிய கட்டோட என்னைப் பார்த்துண்டே படுத்திருந்தான். நான்தான் அவனை அங்கே கொண்டுபோய்க் குடுத்தேன்னு தெரிஞ்ச பார்வை. இப்போ தையல் ஆறிடுத்து, ஒரு பக்கம் முடி முளைக்கறது.

போன வாரம் வெளி மெஷினை மாட்டி ஸ்விட்ச் ஆன் பண்ணினா. நீங்களும் ஃபோன்ல வீடியோ பார்த்திருப்பேள், வெளிநாட்டுக் குழந்தை அம்மா குரலைக் கேட்டுச் சிரிக்கும், எல்லாரும் கை தட்டுவா. நான் மஞ்சள் புடவை கட்டிண்டு போனேன். கிரீஷ் வீடியோ எடுக்கத் தயாரா நின்னான். ஆன் பண்ணினதும் பிரணவ் முகம் அப்படியே கோணித்து. அழுதான் பாருங்கோ, மூச்சு நிக்கற மாதிரி. தலையிலேருந்து பிடுங்கப் பார்த்தான். "அழுதா நல்லதுக்கா, என்னமோ போயிருக்கு உள்ள"ன்னு ரூபீனா சொன்னா. கிரீஷ் ஃபோனைப் பையில வச்சுண்டுட்டான்.

அதுக்கப்புறம் அழறதும் இல்லை. ஒண்ணுமே இல்லை. மாட்டிண்டு இருக்கான், கூப்பிட்டா திரும்பலை. மாசக்கணக்காகும், வருஷமாகும், சில குழந்தைக்குக் கம்மியாத்தான் வரும்கறா. எவ்வளவு வரும்னு யாருக்கும் தெரியாதாம்.

பாட்டைப் பத்தி ரூபீனாவைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னா. நமக்குக் கேட்கற மாதிரி கேட்காதாம். ஸ்வரம் மேலே போறது கீழே வர்றதெல்லாம் சரியா பிரியாதாம். நிறைய வாத்தியம் சேர்ந்தா வெறும் இரைச்சல். ஒரு குரல், தாளம், அது ஓரளவுக்குப் போகுமாம்.

மாமா, மில்பாண்ட்ஸ்ல எது அப்படி இருக்கு? ரொம்பக் கம்மியா சத்தம் இருக்கறது எது? எனக்கு யோசிக்கத் தெரியலை. இதை உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

வர்ஷினி


நாக்பூர்
8 மார்ச் 2024

சௌபாக்கியவதி வர்ஷுவுக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். பிரணவுக்கு முத்தம்.

உன் கேள்வி வந்த அன்றே மெஷினை டிராயரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன். லக்ஷ்மி பழைய பிளேயரைத் தேடிக் கொடுத்தாள். எல்லா ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்டேன். சொன்னால் நம்ப மாட்டாய், பன்னிரண்டு வருஷமாக நான் எதையும் கேட்கவில்லை. உனக்கு எழுதினதெல்லாம் ஞாபகத்திலிருந்துதான். மெஷின் வழியே கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். இருக்கட்டும் என்று இந்த முறை கழற்றவில்லை.

ஏணி ஆல்பம் உதவாது. ஆறு வாத்தியம் ஒரே சமயத்தில் ஏறுகிறது, எனக்கே இரைச்சல். பாலம் ஆல்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். துரத்திக்கொண்டு போகிற மூன்று குரலும் ஒன்றாகக் கூழாகிவிடுகிறது. புதுத் தொகுப்பை லக்ஷ்மியின் ஃபோனில் கேட்டேன். டிரம் முன்னால் வந்துவிட்டது என்று குறைப்பட்டானே, அவன் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது.

குடை ஆல்பம். நான் கணக்கில் சேர்க்காதது. அதில்தான் ஒரு குரல், ஒரு டிரம், நடுவில் நிறைய இடம். அதிலும் கப்பல் பாட்டு. ஒருவன் கரையில் நின்று கூப்பிடுகிறான், டிரம் ஒன்று, நிறுத்தம், மறுபடி கூப்பிடுகிறான். இத்தனை வருஷம் நான் சொன்ன கருத்தெல்லாம் காது உள்ளவன் கருத்து. தள்ளிவிடு.

கேசட்டை இதோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ஃபோனில் முழுப்பாட்டே கிடைக்கும், தெரியும். இருந்தாலும் நீங்கள் இருவரும் கேட்டது இதுதான்.

நம்மாத்து ரேடியோவில் கச்சேரி நடக்கும்போது, தனி ஆவர்த்தனம் வந்தால் மட்டும் வைத்தா சிரிப்பான்.

அனந்தராமன்


மயிலாப்பூர்
30 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வர்ஷினி அநேக நமஸ்காரம். கேசட் பத்திரமா வந்தது. மெஷினை இன்னும் மாட்டிண்டுதான் இருக்கேளா? பேட்டரி மூடியை ராத்திரி திறந்து வைக்கணும், இல்லாட்டா சீக்கிரம் தீர்ந்துடும். இப்போ எனக்கு இதெல்லாம் அத்துப்படி.

பிளேயர் கிடைக்கத்தான் நாளாச்சு. கிரீஷ் தேடாத இடமில்லை. கடைசியில பாண்டி பஜார்ல ரிப்பேர் கடை ஒண்ணுல பழசு ஒண்ணு கிடைச்சது. கரீமுல்லா பாய் கடை இருந்த இடத்துல இப்போ குழந்தைத் துணிக்கடையாம். அங்கேயே பிரணவுக்கு ஒரு தொப்பி வாங்கிண்டு வந்தான், மெஷின் விழாம இருக்க.

போன வாரம் அறுபத்துமூவர். போன வருஷம் மாதிரியே தவில்காரா வாசல்ல நின்னா. மெஷினோட தூக்கிண்டு போனேன். என் கழுத்தைக் கட்டிண்டு தூங்கிட்டான். பக்கத்து மாமி "எவ்வளவு சமத்து பாருங்கோ"ன்னா. அந்த வார்த்தையைச் சொல்லாதேங்கோ மாமின்னு உள்ளே வந்துட்டேன். அவளுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, பாவம்.

நேத்து சாயங்காலம் ஏ பக்கத்தைப் போட்டோம். பிரணவ் எங்களுக்கு முதுகைக் காட்டிண்டு, தரையில டப்பா மூடியையெல்லாம் அடுக்கிண்டிருந்தான். ரயில் பாட்டு போச்சு. ஒண்ணுமில்லை. மழைப் பாட்டு போச்சு. கிரீஷ் தலையைக் குனிஞ்சுண்டு நகத்தைப் பார்த்துண்டிருந்தான். அணைச்சுடலாமான்னு கேட்டான். கடைசி வரைக்கும் ஓடட்டும்னேன்.

கப்பல் பாட்டு வந்தது. கரையில நின்னு கூப்பிடறான், டிரம், மறுபடி கூப்பிடறான். நான் பாட்டைக் கேட்கவே இல்லை மாமா, அவன் பிடரியைத்தான் பார்த்துண்டிருந்தேன். மூடி மேல மூடி வச்சுண்டிருந்தான். அந்த வரி வந்தது. பாதியில நின்னது.

நாங்க தட்டலை. எப்பவும் தட்டுவோம், இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் கை வரலை.

அவன் கையில மூடியோட நின்னுட்டான். தலையைத் தூக்கினான். பிளேயரைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பாதி சாதத்துல கிண்ணத்தை எடுத்துண்டு போனா பார்ப்பானே, அப்படி. எங்கே போச்சுன்னு.

சத்தம் வந்தா திரும்பறானான்னு எட்டு மாசமா அவன் பின்னாடி தாம்பாளத்தைத் தூக்கிண்டு அலைஞ்சேன். நின்னா திரும்பறானான்னு பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. முழுப்பாட்டைப் போட்டிருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

கிரீஷ் ரிவைண்ட் பண்ணி மறுபடி போட்டான். திரும்பலை. மூணாவது தடவையும் திரும்பலை. மூடியை அடுக்கறதுலேயே இருந்தான். "சும்மா திரும்பியிருப்பான், வர்ஷு"ன்னு சொல்லிட்டு கிரீஷ் பால்கனிக்குப் போய் ரொம்ப நேரம் நின்னான். இன்னிக்கு ரூபீனாகிட்ட சொன்னேன். "அப்படித்தான் ஆரம்பிக்கும்க்கா. அப்படி இல்லாமலும் இருக்கலாம். இப்பவே எதையும் நெனச்சுக்காதீங்க"ன்னா. சரின்னேன். நினைச்சுக்காம எப்படி இருக்கறதுன்னு அவளுக்கும் தெரியலை.

நிஜமா திரும்பினானா, நான் ஆசைப்பட்டதா, எனக்கே இப்போ நிச்சயமில்லை மாமா. இன்னொரு தடவை போடலாம்னு ஆசையா இருக்கு, போட பயமாவும் இருக்கு. கேசட் பிளேயர்லேயே இருக்கு. அந்தப் பக்கமா போனா கை நீள்றது, இழுத்துக்கறேன்.

நீங்க ஒரு தடவை வாங்கோ. கிரீஷ் நாக்பூர் ரயில் டயத்தையெல்லாம் பார்த்து வச்சிருக்கான். அம்மா வைத்தா மாமாவோட படம் எங்கேயாவது கிடைக்குமான்னு பெட்டியெல்லாம் புரட்டிண்டிருக்கா. உங்ககிட்ட இருந்தா கொண்டு வாங்கோ. ஹால்ல மாட்டலாம்.

வந்ததும் நீங்க பிளேயர் பக்கத்துல உட்காருங்கோ, உங்க மெஷினைப் போட்டுண்டு. போடறது நீங்களா இருக்கட்டும். அந்த இடம் வந்தா யாரும் தட்ட வேண்டாம்.

உங்கள்
வர்ஷினி